ஓலை, அச்சு, குரல்: மோகனூர் – சேலம் சமவெளியை முன்வைத்துத் தமிழ்க் கிறித்தவ ஞானநூல்களின் வரலாறு (1578–1930)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்க் கிறித்தவ ஞானநூல்களின் வரலாறு பெரும்பாலும் அச்சு வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எந்நூல் எவ்வாண்டில் எவ்விடத்தில் அச்சேறியது என்பதே அவ்வரலாற்றின் முதன்மை வினாவாக இருந்து வந்துள்ளது. இவ்வினா கடற்கரை ஊர்களை ஒளியில் நிறுத்தி, அச்சுக்கூடம் எட்டாத உள்நாட்டை இருளில் விடுகின்றது. காவிரியின் கரையிலுள்ள மோகனூரிலிருந்து நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வரை நீளும் சமவெளி அத்தகைய உள்நாட்டுப் பகுதியாகும். 1623-இல் இராபர்ட் தெ நொபிலி இப்பகுதிக்கு வந்தது முதல் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொல்லிமலையில் நடைபெற்ற பணி வரையிலான சான்றுகளைக் கொண்டு, ஞானநூல் இங்குக் கண்ணால் வாசிக்கப்பட்டதைவிடக் காதால் கேட்கப்பட்டதே மிகுதி என்பதையும், அக்கேள்வி மரபே நூல்களின் அமைப்பையும் சொற்களையும் வடிவமைத்தது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

திறவுச் சொற்கள்: ஞானோபதேசம், இராபர்ட் தெ நொபிலி, சேந்தமங்கலம், மோரமங்கலம், வேதியர், ஓலைச்சுவடி, தமிழ் அச்சு வரலாறு, கேள்வி மரபு.

முன்னுரை

மோகனூர் என்றவுடன் தமிழ் இலக்கிய ஆய்வாளருக்கு நினைவில் எழுபவர் அவ்வூரில் 1888-இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை ஆவார். காந்தமலை முருகன் கோயிலும் அசலதீபேசுவரர் கோயிலும் அவ்வூரின் சமய அடையாளங்கள். கிறித்தவ நூல் வரலாற்றில் மோகனூருக்கோ அதனைச் சூழ்ந்த சமவெளிக்கோ இடமளிக்கும் வழக்கம் இல்லை. அவ்வரலாறு கொல்லம், கொச்சி, புன்னைக்காயல், தரங்கம்பாடி, சென்னை எனக் கடலோரமாகவே நடந்து செல்கின்றது.

இதற்குக் காரணம் வெளிப்படையானது. அச்சுக்கூடங்கள் கடற்கரையில் இருந்தன. நூல் வரலாறு அச்சுக்கூடங்களைப் பின்தொடர்ந்தது. ஆயினும் ஒரு சமயத்தைத் தழுவியோர் அதில் வளர்வதற்குத் துணைநின்ற நூல்கள் யாவும் அச்சுக்கூடத்தில் பிறந்தவை அல்ல. தமிழ்க் கிறித்தவ உரைநடையின் அடித்தளமாகக் கருதப்படும் நூல்கள் பல, அவை இயற்றப்பட்ட காலத்தில் அச்சேறவே இல்லை. அவற்றை இயற்றியவரோ இச்சமவெளியில் நடந்தவர். எனவே, 'எப்போது அச்சிடப்பட்டது' என்னும் வினாவை ஒருபுறம் வைத்து, 'எவ்வாறு பயன்பட்டது' என்னும் வினாவை எழுப்பும்போது, இதுவரை ஓரத்தில் இருந்த இவ்வுள்நாட்டுப் பகுதி ஆய்வின் மையத்திற்கு வருகின்றது.

கடற்கரை அச்சும் உள்நாடும்

தமிழ்க் கிறித்தவ நூலாக்கத்தின் தொடக்கம் 1554-இல் லிசுபனில் அச்சான 'கார்த்தில்யா' எனலாம். அதில் தமிழ்த்தொடர்கள் உரோமன் எழுத்தில் அமைந்தன. தமிழெழுத்தில் முதலில் அச்சான நூல் அண்டிறிக்கு அடிகளார் என வழங்கும் என்றிக்கே என்றிக்கசின் 'தம்பிரான் வணக்கம்' ஆகும். பதினாறு பக்கங்கள் கொண்ட இச்சிறு நூல் 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1586-இல் புனிதர் வரலாறுகளைக் கூறும் 'அடியார் வரலாறு' அச்சாயிற்று. இது புன்னைக்காயலோடு இணைத்துப் பேசப்படுகின்றது.

இந்நூல்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்க்காக உருவானவை. அச்சுப்பணிக்கு அவர்களே பொருளுதவி செய்தனர். கொச்சி நூல் ஆசிரியர் வினவ மாணவர் விடையிறுக்கும் வகையில் அமைந்தது. போர்ச்சுக்கீசிய மொழியில் மார்க்கோசு சோர்சு எழுதிய நூலின் தமிழாக்கமாக அது இருப்பினும், வினா – விடை வடிவம் தமிழ்ச் சூழலில் வேறொரு பயனைத் தந்தது. எழுத்தறியாத ஒருவர் கையில் இந்நூலைக் கொடுப்பதால் பயனில்லை. எழுத்தறிந்த ஒருவர் வினாவை உரக்கச் சொல்ல, கூடியிருப்போர் விடையை ஒரே குரலில் சொல்லும்போதே அந்நூல் நூலாகின்றது. அச்சின் முதற்பேறாகப் போற்றப்படும் இந்நூல்கள் கூட வாய்மொழியை நம்பியே இயங்கின என்பது இதனால் பெறப்படும்.

1586-க்குப் பின்னர்த் தமிழ் அச்சு வரலாற்றில் நெடிய இடைவெளி ஒன்று விழுகின்றது. 1677-இல் இன்றைய கேரளத்தின் திரிச்சூர் மாவட்டத்திலுள்ள அம்பலக்காட்டில் இஞ்ஞாசி ஐச்சாமணி என்பவர் மரத்தில் தமிழெழுத்துகளைச் செதுக்கியதன் பின்னரே கிறித்தவத் தமிழ் அச்சு மீண்டும் உயிர்பெறுகின்றது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளைக் கொண்ட இவ்விடைவெளியை அச்சு வரலாறு ஒரு வெற்றிடமாகக் காட்டுகின்றது. ஆனால் தமிழ்க் கிறித்தவ உரைநடை மிக வளமாக உருவானது இக்காலத்திலேயே ஆகும். 1606-இல் மதுரைக்கு வந்து 1656-இல் மயிலாப்பூரில் மறைந்த நொபிலியின் தமிழ்ப்பணி முழுவதும் இவ்விடைவெளிக்குள் அடங்குகின்றது. தம் தமிழ் நூல் ஒன்றையேனும் அச்சு வடிவில் அவர் கண்டதில்லை.

சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம்

குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் முதலிய வழக்கங்களைக் கிறித்தவத்தைத் தழுவியோர் தொடரலாமா என்னும் வழக்கு உரோமை வரை சென்றது. திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623 சனவரி 31-ஆம் நாள் வெளியிட்ட ஆணை, சில வரையறைகளுடன் அவற்றுக்கு இசைவளித்தது. அவ்வாண்டிலேயே நொபிலி மதுரையிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டார். திருச்சிராப்பள்ளியைக் கடந்து அவர் அடைந்த ஊர் சேந்தமங்கலம். அங்கு மதுரை நாயக்கருக்கு அடங்கிய ஆட்சியாளராக இருந்த இராமச்சந்திர நாயக்கர் அவரை மதிப்புடன் வரவேற்றார். நாமக்கல் மலைக்கோட்டையைக் கட்டியவராக மரபு குறிப்பிடுவதும் இந்நாயக்கரையே. சேந்தமங்கலத்திலிருந்து நொபிலி சேலத்திற்குச் சென்றார். சேலத்து ஆட்சியாளரின் உடன்பிறந்தாராகிய திருமங்கல நாயக்கர், மோரமங்கலத்தில் இருந்தவர், 1625-இல் திருமுழுக்குப் பெற்றார். 1918-இல் வெளிவந்த எஃப். சே. இரிச்சர்ட்சின் சேலம் மாவட்டக் கையேடு உள்ளிட்ட பதிவுகள் இந்நிகழ்வுகளைக் குறித்துள்ளன.

இப்பயணத்தை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் அரசியல் நோக்கிலும் மதமாற்ற நோக்கிலுமே அணுகியுள்ளனர். நூல் வரலாற்று நோக்கில் இதனை அணுகும்போது வேறொரு வினா எழுகின்றது. 1623-இல் வருகை, 1625-இல் திருமுழுக்கு. இடைப்பட்ட காலம் உபதேசம் கேட்ட காலம் எனக் கொள்ள இடமுண்டு. அச்சிட்ட நூல் எதுவும் கைக்கெட்டாத ஓர் ஊரில், புதிய சமயத்தின் கோட்பாடுகளைக் கேட்டறிந்து ஏற்பதற்கு எவ்வகை நூல் துணைநின்றிருக்கும்? இதற்கான விடையை நொபிலியின் நூல்களின் அமைப்பே தருகின்றது.

நூலின் அமைப்பில் கேள்வியின் சுவடு

நொபிலி இயற்றியவற்றுள் 'ஞானோபதேசம்' தலையாயது. 'ஆத்தும நிருணயம்', 'தூஷண திக்காரம்', 'கடவுள் நிருணயம்', 'நித்திய ஜீவன சல்லாபம்' ஆகியனவும் அவர் பெயரால் வழங்குவன. இருபதாம் நூற்றாண்டில் சே. இராசமாணிக்கம் அடிகளார் சுவடிகளை ஒப்புநோக்கி இவற்றைப் பதிப்பித்தார். தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியே 1963-இல் வெளிவந்த பதிப்பு ஞானோபதேசத்தின் ஒரு பகுதியை 26 பிரசங்கங்களாகத் தருகின்றது.

இங்குக் கருதத்தக்கது 'பிரசங்கம்' என்னும் அலகாகும். இயல், அதிகாரம், படலம் என்பன எழுத்து நூலின் அலகுகள். பிரசங்கம் என்பது ஒருவர் சொல்லப் பிறர் கேட்கும் பொழுதின் அலகு. ஓரமர்வில் கேட்டு மனங்கொள்ளத்தக்க அளவு எதுவோ அதுவே ஒரு பிரசங்கத்தின் எல்லை. கடவுள் ஒருவர் உண்டு என்பதை அறிவு வழியில் நிறுவுவதில் தொடங்கி, படைப்பு, ஆன்மா, மீட்பு என ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்லும் இவ்வமைப்பில், முன்னாள் கேட்டதை மறவாதவரே பின்னாள் சொல்வதைப் பின்தொடர இயலும். 'நித்திய ஜீவன சல்லாபம்' என்னும் நூற்பெயரிலுள்ள 'சல்லாபம்' என்ற சொல்லும் உரையாடலையே குறிக்கின்றது. நூலின் பெயரும் அலகும் வரிசையும் ஒருசேரக் கேட்போரை நோக்கியே அமைந்துள்ளமை தற்செயல் ஆகாது.

அக்கால எழுத்து முறையும் இதற்குத் துணைச்சான்றாகும். ஓலையில் புள்ளியிடும் வழக்கம் இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெளிவாக அமையவில்லை. பின்னாளில் வீரமாமுனிவர் இக்குறையை நீக்க முயன்றது யாவரும் அறிந்தது. சொற்பிரிப்பும் நிறுத்தக்குறியும் இல்லாத ஓலையை முன்பழக்கம் இல்லாத ஒருவர் கையிலெடுத்துப் பொருளுணர்வது அரிது. வடசொற்கள் மிக்க புதிய கோட்பாட்டு உரைநடையாயின் இடர் இன்னும் மிகும். முன்னரே ஒருவர் வாயிலாகக் கேட்டுப் பழகியவரே அவ்வோலையைப் படிக்க வல்லவர். ஆகவே ஓலை, கேள்விக்கு மாற்றாக அமையாமல் அதற்குத் துணையாகவே அமைந்தது. கற்பித்தவர் அகன்ற பின் அவர் குரலை நினைவுறுத்தும் கருவியாக அது செயற்பட்டது.

நொபிலி கையாண்ட சொற்களையும் இந்நோக்கில் மதிப்பிடலாம். என்றிக்கசின் நூல்கள் இறைவனைத் 'தம்பிரான்' என்றன. வழிபாட்டுச் சொற்கள் பலவற்றைப் போர்ச்சுக்கீசிய ஒலியிலேயே தந்தன. கப்பலும் வணிகமும் வந்துபோகும் துறைமுகத்தில் அவ்வொலிகள் அறிமுகமானவை. சேந்தமங்கலத்தில் அவை வெறும் ஒலிகள். நொபிலி 'சருவேசுரன்', 'பூசை', 'வேதம்', 'குரு' முதலிய சொற்களை ஆண்டதை அவருடைய பண்பாட்டுத் தழுவல் கொள்கையின் விளைவாகவே ஆய்வாளர் விளக்குவர். அதில் பிழையில்லை. எனினும், கையில் நூலில்லாமல் காதால் மட்டும் கேட்கும் ஒருவருக்கு ஒருமுறை சொன்ன அளவிலேயே பொருள்படும் சொல் தேவை என்னும் நடைமுறைக் காரணமும் அதனுடன் சேர்ந்து நின்றது. ஏட்டில் காண்போர் புரியாத சொல்லை நின்று மீண்டும் பார்க்கலாம்; கேட்போருக்கு அவ்வசதி இல்லை.

கேள்வி மரபைப் போற்றும்போது அதன் மறுபக்கத்தையும் சுட்டுதல் வேண்டும். குரலுக்கு எல்லை உண்டு. யார் யாருடன் அமர்ந்து கேட்கலாம் என்பதைச் சாதி வரையறுத்தது. உயர்சாதியினர்க்குரிய குருவாகத் தம்மை அமைத்துக்கொண்ட நொபிலியின் முறை, பிறரோடு வெளிப்படையாகப் பழகுவதைத் தடுத்தது. 1640-ஐ ஒட்டிப் பல்தசார் தா கோசுதா பண்டாரசாமியாகப் பணியாற்றத் தொடங்கியது இத்தடையைக் கடக்கும் முயற்சியாகும். இதே தா கோசுதாவே நொபிலியின் உபதேச நூலை 1661-இல் போர்ச்சுக்கீசிய மொழியில் ஆக்கினார். உயர்ந்தோர் அவையை நோக்கி எழுந்த ஒரு நூலை, அவ்வவைக்கு வெளியே நின்றோரிடையே பணிசெய்தவர் கையாண்டார் என்பது கருதற்குரியது. அச்சுநூல் விலை கொடுப்போர் எவர்க்கும் உரியதாகலாம். கேள்வி நூல் அவையைப் பொறுத்தது. இவ்வேறுபாட்டை மறந்து கேள்வி மரபை எல்லோர்க்கும் பொதுவான ஒன்றாகச் சித்திரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

வேதியர்: நூலுக்கும் ஊருக்கும் இடையில்

குருமார் மிகச் சிலர், ஊர்களோ பல. மதுரை மறைத்தளத்தில் ஒரு குரு ஓர் ஊருக்கு மீண்டும் வருவதற்குள் மாதங்கள் பல கழியும். அவ்விடைக்காலத்தில் செபம் சொல்லிக் கொடுத்தல், நோயுற்றோரைக் காணல், இறப்பவர்க்குத் துணைநிற்றல், புதியோர்க்கு உபதேசம் செய்தல் ஆகிய கடமைகள் வேதியர் அல்லது உபதேசியார் எனப்பட்டவர்களைச் சார்ந்தன. நூல் ஊருக்குள் நுழைந்தது இவர்கள் வாயிலாகவே.

1711-இல் மதுரை மறைத்தளத்திற்கு வந்த வீரமாமுனிவர் இயற்றிய உரைநடை நூல்களுள் 'வேதியர் ஒழுக்கம்' இவ்வகையில் தனிச்சிறப்புடையது. 1727-ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் அந்நூல் வேதியரையே நேர்முகமாகக் கொண்டது. 1726-இல் அமைந்த 'தேம்பாவணி'யைப் பற்றி எழுந்த ஆய்வுகளோடு ஒப்பிட்டால் 'வேதியர் ஒழுக்கம்' பெற்ற கவனம் சிறிது. ஆயினும் பயன்பாட்டு வரலாற்றில் அதன் இடம் பெரிது. பல ஊர் மக்களுக்காக ஒரு நூலை எழுதுவதைவிட, அம்மக்களுக்குச் சொல்லப்போகும் ஒருவருக்காக எழுதுவதே பயன்தரும் என்னும் தெளிவு அந்நூலின் பின்னே உள்ளது. ஒரு படி ஓலை ஒரு வேதியரிடம் இருந்தால், ஓர் ஊரே அதன் வாசகர் ஆகின்றது. படிகளின் எண்ணிக்கையைக் கொண்டு வாசகர் எண்ணிக்கையை மதிப்பிடும் இன்றைய முறை இங்குப் பொருந்தாது என்பதும் இதனால் விளங்கும்.

அந்தாவோ தெ புரோவென்சாவின் தமிழ் – போர்ச்சுக்கீசிய அகராதியையும் இவ்வரிசையில் வைத்து எண்ணலாம். மதுரை மறைத்தளத்தில் பணியாற்றி 1666-இல் மறைந்த அவருடைய அகராதி 1679-இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. 1966-இல் தனிநாயகம் அடிகளார் அதன் நிழற்படிப் பதிப்பைக் கோலாலம்பூரில் வெளியிட்டார். இலக்கியச் சொற்களோடு பேச்சு வழக்குச் சொற்களையும் அது தொகுத்தது. மக்களிடம் பேசுவதற்கு முன் மக்கள் பேசுவதைக் கேட்டறிய வேண்டிய தேவையிலிருந்து பிறந்த நூல் அது. உள்நாட்டுக் காதில் விழுந்த சொற்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறத்தில் அச்சேறின எனலாம்.

1773-இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டது. 1776 முதல் பாரிசு வேதபோதக சபையினர் பொறுப்பேற்ற போதிலும் ஊர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற குருமார் இல்லை. 1838-ஐ ஒட்டி இயேசு சபையினர் மீண்டும் மதுரைப் பகுதிக்கு வந்தபோது, கிறித்தவ ஊர்கள் அழிந்துபோகாமல் இருந்தன. இரு தலைமுறைக்கு மேற்பட்ட இக்காலத்தில் செபமும் உபதேசமும் கைமாறி வந்தமைக்கு வேதியரும் குடும்பங்களில் மூத்தோருமே காரணர். அச்சிட்ட நூலின் வரலாறு விளக்க இயலாத தொடர்ச்சி இது.

ஓலையிலிருந்து அச்சுக்கு

உள்நாட்டு ஓலை மரபும் கடற்கரை அச்சு மரபும் தொடர்பற்றவை எனக் கருதுதல் கூடாது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு தமிழ்ச்சுவடிகளை விலைக்கு வாங்கியும் எழுத்தரை அமர்த்திப் படியெடுத்தும் தொகுத்தார். 1708-இல் அவர் உருவாக்கிய சுவடிப் பட்டியலில் கத்தோலிக்கத் தமிழ்நூல்கள் தனிப்பிரிவாக இடம்பெற்றன. கொள்கையளவில் அவற்றோடு மாறுபட்டவராயினும், கிறித்தவக் கருத்துகளைத் தமிழில் சொல்லும் முறையை அவர் அந்நூல்களிலிருந்தே பெற்றார். 1714 – 1715-இல் தரங்கம்பாடியில் அச்சான அவருடைய புதிய ஏற்பாடு இறைவனைச் 'சருவேசுரன்' என்றே குறித்தது. நொபிலி உள்நாட்டுக் கேட்போர்க்காகத் தேர்ந்த சொல், ஓலை வழியாகப் பயணம் செய்து, மற்றொரு திருச்சபையின் அச்செழுத்தில் நிலைபெற்றது.

பின்னர் பப்ரீசியுசின் மொழிபெயர்ப்பு 'பராபரன்' என்னும் சொல்லைக் கொண்டது. என்றி பவரின் தலைமையில் 1871-இல் நிறைவுற்ற ஒன்றிணைந்த மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய 'திருவிவிலியம்' 'கடவுள்' என்றது. அச்சு நூல்களை மட்டும் நோக்கினால் ஒன்றை மற்றொன்று நீக்கிச் செல்லும் வளர்ச்சியாக இது தோன்றும். பேச்சு வழக்கு வேறொன்றைக் காட்டுகின்றது. வழிபாட்டு நூல்கள் 'திருப்பலி' என்று திருத்திக்கொண்ட பின்னரும், ஊர்ப்புறக் கத்தோலிக்கர் 'பூசைக்குப் போவது' என்றே வழங்குகின்றனர். அச்சு மாற்றியதைக் குரல் இன்னும் விடவில்லை.

அச்சின் பெருக்கமும் கேள்வியின் தொடர்ச்சியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலை மாறியது. சென்னைத் துண்டுப்பிரசுர – சமயநூல் சங்கம் 1818-இல் தோன்றியது. 1820-இல் விவிலியச் சங்கத்தின் சென்னைக் கிளை அமைந்தது. 1858-இல் தொடங்கிய கிறித்தவ தாய்மொழிக் கல்விச் சங்கம் 1891-இல் கிறித்தவ இலக்கியச் சங்கம் எனப் பெயர் பெற்றது. அதன் முகவராக நெடுங்காலம் உழைத்த சான் மர்டாக் 1865-இல் தமிழ் அச்சுநூல்களின் வகைப்படுத்திய பட்டியலை வெளியிட்டார். தமிழ்நூல் வரலாற்றாளர் இன்றளவும் நாடும் கருவி அது. ஆனால் அதன் பெயரே அதன் எல்லையைக் கூறிவிடுகின்றது. அச்சுநூல்களின் பட்டியலில் ஓலைக்கும் மனப்பாடத்திற்கும் இடமில்லை. அப்பட்டியலை அடித்தளமாகக் கொண்டு எழுந்த வரலாறுகள் அதன் எல்லையையும் தம்மையறியாமல் ஏற்றுக்கொண்டன.

இக்காலத்திலேயே சேலம் சமவெளியில் சீர்திருத்தத் திருச்சபையின் பணி வேரூன்றியது. இலண்டன் மிசன் சங்கத்தைச் சேர்ந்த என்றி கிரிசுப் 1827-இல் சேலத்தில் பணியைத் தொடங்கி 1831-இல் மறைந்தார். பின்னர் சான் மைக்கேல் லெக்லர் 1861 வரை அங்கு உழைத்தார். பள்ளிகள் இப்பணியின் இன்றியமையாத உறுப்பாயின. நூலை மக்களிடம் கொண்டுசெல்வதற்கு முன் நூலைப் படிக்கும் மக்களை உருவாக்க வேண்டும் என்னும் நோக்கு நொபிலியின் காலத்தில் இல்லாதது. ஒவ்வொரு நம்பிக்கையாளரும் தாமே மறைநூலைப் படித்தல் வேண்டும் என்னும் சீர்திருத்தத் திருச்சபையின் கொள்கையே இம்மாற்றத்திற்கு அடிப்படை.

எனினும் கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடைவெளி இருந்தது. 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதும் சென்னை மாகாணத்தில் எழுத்தறிந்தோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பெண்களிடையே நிலை இன்னும் தாழ்ந்தது. ஆகவே துண்டுப்பிரசுரமும் நற்செய்தி நூலும் வீடு வந்து சேர்ந்த பின்னரும் அவற்றை ஒருவர் படிக்கப் பலர் கேட்டல் தொடர்ந்தது. வேதியரின் இடத்தை உபதேசியாரும், பெண்களிடையே வேதாகமப் பெண்களும் ஏற்றனர். பள்ளி செல்லும் சிறுவன் வீட்டில் முதியோர்க்குப் படித்துக் காட்டுபவன் ஆனான். குரலின் உரிமை மூத்தோரிடமிருந்து இளையோர்க்கும், ஆண்களிடமிருந்து பெண்களுக்கும் ஓரளவு பகிரப்பட்டமை இக்காலத்தின் உண்மையான மாற்றமாகும்.

நூலாக்கமும் இதற்கேற்பவே அமைந்தது. தஞ்சை வேதநாயக சாத்திரியாரின் (1774–1864) பாடல்கள் பாடப்படுவதற்காகவே எழுந்தவை. அமெரிக்க மதுரை மிசனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853-இல் தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார். அச்சில் வந்த கீர்த்தனைநூல் பலருக்குக் கையிலிருக்கும் நூலாக அன்றி நாவிலிருக்கும் நூலாகவே பயன்பட்டது. சான் பனியனின் ஆங்கில உருவகக் கதையை அடியொற்றி எச். ஏ. கிருட்டிணபிள்ளை 1894-இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட விருத்தப்பாக்களைக் கொண்டது. அப்பெருங்காப்பியத்தின் இடையிடையே அமைந்த தேவாரப் பதிகங்கள் காப்பியம் முழுவதையும் படித்தறியாத சபையாரின் வழிபாட்டிலும் இடம்பெற்றன. நூலைப் படித்தோரைவிட நூலைப் பாடியோர் மிகுதி என்பது இங்கும் மெய்யாகின்றது.

கொல்லிமலையில் நூல்

சேந்தமங்கலத்திற்குக் கிழக்கே எழும் கொல்லிமலை, நூற்றாண்டுகள் கடந்தும் இவ்வினா தீரவில்லை என்பதைக் காட்டுகின்றது. ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிசனைச் சேர்ந்த செசி பிராண்டு 1907-இல் இந்தியாவிற்கு வந்தார். 1913-இல் எவ்லின் ஆரிசை மணந்து, இருவரும் கொல்லிமலையில் குடியேறினர். பின்னாளில் தொழுநோய் அறுவை மருத்துவத்தில் உலகப்புகழ் பெற்ற பால் பிராண்டு 1914-இல் பிறந்தது இவர்களுக்கே. செசி பிராண்டு 1929-இல் காய்ச்சலால் மறைந்தார். எவ்லின் பிராண்டு பல்லாண்டுகள் கழித்து மலைப்பணிக்குத் திரும்பி, 1974-இல் தம் 95-ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

இவர்கள் மலையேறிய காலத்தில் தமிழ் விவிலியம் முழுமையாக அச்சில் கிடைத்தது. கீர்த்தனைநூலும் துண்டுப்பிரசுரங்களும் மலிந்திருந்தன. நொபிலிக்கு இல்லாத வசதிகள் யாவும் இவர்களுக்கு இருந்தன. ஆயினும் மலையாளி மக்களின் ஊர்களுக்கு நடந்தே சென்று, நோய்க்கு மருந்து தந்து, அமர்ந்து பேசிச் சொல்லும் முறையையே அவர்கள் மேற்கொண்டனர், பள்ளிகளையும் நிறுவினர். 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி மூன்றரை நூற்றாண்டுகள் ஆன பின்னரும், அச்சிட்ட நூல் தானாக மலையேறவில்லை. அதனைத் தூக்கிச் சென்று வாய்திறந்து சொல்லும் ஒருவர் தேவைப்பட்டார். 1623-இல் மலையடிவாரத்திலும் 1913-இல் மலைமேலும் நிகழ்ந்தவை சபையாலும் கொள்கையாலும் வேறுபட்டவை. நூல் மக்களைச் சென்றடைந்த வழியால் ஒன்றுபட்டவை.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, தமிழ்க் கிறித்தவ அச்சு வரலாற்றில் 1586-க்கும் 1677-க்கும் இடைப்பட்ட காலம் வெற்றிடம் அன்று. உள்நாட்டில் ஓலையும் குரலும் இணைந்து செயற்பட்ட வளமான காலமாகும். இரண்டாவது, பிரசங்கம், சல்லாபம், வினா – விடை, கீர்த்தனை என்னும் வடிவங்கள் கேட்போரின் தேவையால் நிலைபெற்றவை. 'சருவேசுரன்', 'பூசை' போன்ற சொற்களின் நீண்ட வாழ்வும் அத்தேவையோடு தொடர்புடையது. மூன்றாவது, கேள்வி மரபு சாதி, பால் வேறுபாடுகளுக்கு உட்பட்டே இயங்கியது. பள்ளிக்கல்வியும் அச்சும் அவ்வேறுபாடுகளை ஓரளவே தளர்த்தின.

இம்முடிவுகள் ஆய்வுமுறையிலும் ஒரு மாற்றத்தை வேண்டுகின்றன. சேலம் கத்தோலிக்க மறைமாவட்டம் 1930-இல் அமைந்தது. அதற்கு முன்னும் பின்னும் இச்சமவெளியின் பங்குகளிலும் சபைகளிலும் எழுந்த பதிவேடுகள், உபதேசியார் நாட்குறிப்புகள், குடும்பங்களில் காக்கப்பட்ட செபக் கையெழுத்துப்படிகள், கீர்த்தனைநூல்களின் ஓரங்களில் எழுதப்பட்ட குறிப்புகள் ஆகியன நூல் வரலாற்றுச் சான்றுகளாகக் கருதப்படுதல் வேண்டும். முதிய உபதேசியார்களும், எழுத்தறியாமலே முழுச் செபமாலையையும் பதிகங்களையும் மனப்பாடமாகச் சொல்லும் மூதாட்டியரும் மறைவதற்குள், அவர்கள் சொல்லும் பாடத்தைப் பதிவு செய்து அச்சுப்பாடத்தோடு ஒப்பிடுதல் இன்றியமையாதது. பாட வேறுபாடு என்பது சுவடிக்கும் சுவடிக்கும் இடையில் மட்டும் நிகழ்வதன்று. நூலுக்கும் நாவுக்கும் இடையிலும் நிகழ்வது.

நூலகங்களில் எஞ்சியுள்ளவை அச்சுப்படிகள். மோகனூர் முதல் சேலம் வரையிலான ஊர்களில் அந்நூல்களை வாழவைத்தவர்கள் பெயர் பொறிக்கப்படாத வேதியரும் உபதேசியாரும் ஆவர். அச்சுக்கூடங்களின் வரிசையாக எழுதப்பட்டுள்ள வரலாற்றில் இவர்களுக்கு உரிய இடம் அளிக்கப்படும்போதே தமிழ்க் கிறித்தவ ஞானநூல்களின் வரலாறு நிறைவு பெறும்.